ஏரிச் சேற்றில் முதல் வரி

வாத்து மேய்த்தவன் ஒருநாள் கம்பைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். இனி நம் பாட்டை நாமேதான் பார்க்க வேண்டும் என்று வாத்துகள் ஏரிக்கரையில் கூடின. ஈரச் சேற்றில் அலகால் கீறிச் சட்டம் எழுதுவதாக முடிவு. வெயில் யாருக்குக் காத்திருக்கும்? சேறு காய்ந்துவிட்டால் அப்புறம் ஒரு கோடுகூடக் கிழிக்க முடியாது.

“முன்னால நடக்கிறது பெரியண்ணன்தான். அதையே முதல் வரியா எழுது” என்றன எல்லாம்.

“அண்ணன் தப்பான வழியில போனா?” என்று நொண்டி வாத்து சின்னி கேட்டது.

“வாயைக் கழுவுடி. அண்ணனையா சந்தேகப்படுற?” என்று ஒரு வாத்து சீறியது.

எப்போதும் வரிசையின் முன்னால் போகும் மூத்த வாத்து பெரியண்ணன் குறுக்கிட்டார். “அவளைத் திட்டாதீங்க. காலையில நான் காரணமே இல்லாம நரிப்புதர் பக்கம் திரும்பினேன். ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல, அத்தனை பேரும் திரும்பினீங்க. எனக்கு அது பிடிச்சுப்போச்சு. அதான் பயமா இருக்கு. நான் ஒழுங்கா இருக்கும்போதே என்னைக் கட்டுப்படுத்துற வரியா எழுதிடுங்க.”

எழுதும் வாத்து அவசரமாகக் கீறியது: பின்னால் வருகிறவர்களில் யார் நின்றாலும், முன்னால் போகிறவர் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடைசி எழுத்தோடு சேறு இறுகிவிட்டது. வரிசை கிளம்பியது. பத்தடி போனதும் சின்னி வேண்டுமென்றே நின்றது. மற்றவையெல்லாம் பெரியண்ணனின் முதுகையே பார்த்தன. அவர் ஓரடி வைத்தார். இன்னும் ஓரடி வைத்தார். அப்புறம் நின்று, கழுத்தைத் திருப்பி, “என்னம்மா சின்னி?” என்றார்.