கல்லுக்கு இருபது நிமிஷம்

"இருபது நிமிஷந்தான் சார். அப்புறம் வண்டி கிளம்பிடும்."

கைடு திலீப் இப்படிச் சொன்னதுமே சாமுவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோலார் தங்கவயலைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் டூர் அது. காலையில் யுத்த சரித்திரம், மத்தியானம் பாலாற்று வாழ்க்கை என்று தடபுடலாக விளம்பரம் செய்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வேனில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் பொழுது போகாமல் வந்தவர்கள். சாமுவேல் மட்டும் ஒரு காரியமாக வந்திருந்தார்.

சர்ச் சுவரில் பதித்திருந்த ஒரு கல்லில் அவருடைய தாத்தாவின் பெயர் இருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனார். போனவர் போனவர்தான். குடும்பம் பெங்களூருக்குக் குடிபோய்விட்டது. இப்படி ஒரு கல் இருப்பதே சாமுவேலுக்குப் போன மாதம்தான் தெரிய வந்தது.

அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாக அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சார், டைம் ஆச்சு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் குடுப்பா."

"முடியாது சார். பேத்தமங்களாவுல பரிசல்காரரு காத்துக்கினு கீறாரு."

கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னானா? அதுவும் இல்லை. ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல் பெயர்களைப் படித்துவிட்டு, எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டான்.

சாமுவேலால் பொறுக்க முடியவில்லை. வேன் புறப்பட்டதும் ஆரம்பித்தார்.

"நீ இந்த ஊர்க்காரன்தானே? மைன்ல ஏர்பிளாஸ்ட் ஆகிப் பாறை சரிஞ்சுதுன்னா, உள்ள மாட்டினவன் பொணத்த மேல கொண்டாராம கூட்டாளிங்க யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்களாம். எங்கப்பா சொல்லுவார். அப்பேர்ப்பட்ட ஊர்லேருந்து போன மனுஷன்பா எங்க தாத்தா. அவர் உடம்பு வரவே இல்ல. கதவு தட்டுற சத்தம் கேட்டா, சாகுற வரைக்கும் எங்கப்பா எழுந்து ஓடுவார். உடம்பு வராத வீட்டுக் கஷ்டம் உனக்கு இன்னா தெரியும்?"

திலீப் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றான். அவ்வளவுதான்.

பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்களா ஏரிக்கரையில், பரிசல்காரர் துரை தயாராக நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். வந்தவர்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் பரிசலில் ஏறித் துடுப்புப் போட்டார்.

"மொதல்ல வலை வீசறதப் பாருங்க" என்றான் திலீப். "போன வாரத்துலேருந்து தண்ணியில யாரையும் எறங்க விடறதில்ல. டூர் வண்டி வந்தா எங்க பரிசலுக்கு மட்டுந்தான் பர்மிஷன்."

"எங்களை எப்ப ஏத்துவீங்க?" என்று கேட்டாள் வாணி என்ற பெண். பரிசல் சவாரிக்காகவே வந்தவள் அவள்.

"பாக்கலாம் மேடம்."

துரை வலை வீசினார். இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி மீன்கள் துள்ளின. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். மனிதர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையைத் தண்ணீரிலேயே உதறிவிட்டுப் பக்கத்தில் போய் மறுபடி வீசினார்.

"பிடிச்ச மீன யாராவது விடுவாங்களா? ஷோ காட்டுறார்" என்றார் சாமுவேல்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு, மூன்று மணி நேரம் ஆயிற்று. துரை வீசுவதும் இழுப்பதும், நீளமான மூங்கிலால் பாசிக்குள் குத்திப் பார்ப்பதுமாகவே இருந்தார். திலீப் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல!" என்று கத்திக்கொண்டிருந்தான். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பத்துப் பேரும் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"இன்னிக்கு சவாரி முடியாது மேடம், காத்து ஜாஸ்தி" என்றான் கடைசியில். ஏரியில் ஓர் அலைகூட இல்லை.

செத்துப்போன தாத்தாவுக்கு இருபது நிமிஷம், உதறிவிடுகிற மீனுக்கு மூன்று மணி நேரமா? சாமுவேல் செல்போனை எடுத்துப் பெங்களூரில் டூர் கம்பெனி மானேஜரைப் பிடித்தார். ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். வாணியும் போனை வாங்கித் தன் பங்குக்குப் பேசினாள்.

மானேஜர் பதறிப்போனார். "மன்னிக்கணும் சார். அந்தப் பையனை இன்னியோட நிறுத்திடறேன். நாளையிலிருந்து பேத்தமங்களாவே கிடையாது, பரிசலும் கட். உங்க கல்லுக்கே ரெண்டு மணி நேரம் ஒதுக்கிடறேன்."

சாமுவேலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தாத்தாவுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் திலீப்பின் போன் அடித்தது. காதில் வைத்தவன், "சரி சார்... சரி சார்" என்றான். ஒருமுறை மட்டும், "ஒரே ஒரு நாள் சார்" என்று கெஞ்சினான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றான்.

பரிசல் கரைக்கு வந்துகொண்டிருந்தது. பையனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவைப்போம் என்று சாமுவேல் பக்கத்தில் போனார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் துரை இறங்கி வந்து, ஈரக் கையால் திலீப்பின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் கெடைக்கலடா. மதகு பக்கத்தாண்ட மட்டுந்தான் இன்னும் வல போடல. நாளைக்கு டூர் வண்டிய வெள்ளன கூட்டியாந்துடு. உன் தம்பி முழுகி ஒம்போது நாளாச்சி... அங்கதான்டா கீறான், எம்புள்ள."