மதில் மேல் மயில்

"இன்னைக்கு டயரை மாத்தாம இந்த வீட்டுல அடுப்பு எரியாது" என்றாள் சந்திரம்மாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். கண்ணாயிரத்துக்கு இது நாற்பது வருஷ அனுபவம்.

மறுநாள் ஞாயிறு. கீழ்பென்னாத்தூரில் மகள் நந்தினிக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்ததும், பெண்ணைப் பிரசவத்துக்குத் திருவண்ணாமலைக்கு அழைத்து வர வேண்டும்.

"என் பொண்ணை என் வண்டியில நானேதான் ஓட்டிட்டு வருவேன்" என்று சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார் கண்ணாயிரம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சொல்லலாம்.

ஆனால் காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்து வழுக்கை. பின்னால் இருக்கிற இரண்டிலும் காற்று கம்மி. கடைக்குக் கொண்டுபோங்க, கொண்டுபோங்க என்று சந்திரம்மாள் மூன்று வாரமாகக் கரடியாகக் கத்துகிறாள்.

திங்கட்கிழமை கிளம்பியவர் ஐந்தே நிமிஷத்தில் திரும்பினார். கொல்லையில் புங்கமரத்தடியில் நிற்கிற கார் மேல் குரங்காம். சும்மா குரங்கு இல்லை. சைடு கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிவிட்டு, "அப்புறம் வா" என்று அவருக்கே கை காட்டிய குரங்கு.

புதன்கிழமை உடும்பு. முன் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதாம். வண்டியை எடுத்தால் சக்கரம் அதோடு போய்விடுமாம்.

வெள்ளிக்கிழமை ஒரு கீரிப்பிள்ளை, பெண்டாட்டி பிள்ளைகளோடு காருக்கு அடியில் குடித்தனம் வந்துவிட்டது. நல்ல நாளில் ஒரு குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்வது பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மலையடிவாரத்தில் வீடு இருந்தால் இதெல்லாம் வரும்தான். டயர் பேச்சை எடுத்தால் மட்டும் வருமா?

கண்ணாயிரம் புளுகினால் மீசை நுனி துடிக்கும். மூன்று நாளும் துடித்தது.

சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்று சந்திரம்மாள் முடிவு கட்டினாள். இப்போதெல்லாம் பேப்பரைக்கூட அவளைத்தான் படிக்கச் சொல்கிறார். நேற்று காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, டம்ளர் நகர்ந்துவிட்டது என்கிறார்.

பக்கத்து வீட்டு ராஜம்மாள் வேறு மதிலுக்கு அந்தப்புறமிருந்து சொன்னாள்: "உங்க வூட்டுக்காரரு வாய் ஓடற ஓட்டத்துக்கு வண்டி ஓடியிருந்தா, இந்நேரம் பொண்ணைக் கூட்டிட்டே வந்திருக்கலாம்."

அது சுருக்கென்று தைத்தது. நாளைக்கு சம்பந்தி வீட்டிலும் இதையேதானே சொல்வார்கள்?

சந்திரம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். பீரோவில் இருந்த பட்டுப்புடவையை எடுத்துக் காற்றாடப் போட்டாள். சீர்த் தட்டுகளைத் துடைத்து வைத்தாள். நேரே செங்கம் ரோட்டுக்குப் போய், டயர் கடை மாறனை ஜாக்கியோடும் இரண்டு புது டயரோடும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் இறக்கினாள்.

காருக்கு முன்னால் கண்ணாயிரம் கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னைக்கு வேணாம் மாறா."

"இன்னைக்கு என்னங்க, யானையா?" என்றாள் அவள்.

"சத்தம் போடாத. இன்னைக்கு நிஜமாவே வந்திருக்கு. மதில் மேல பாரு, மயில்."

அவள் மதிலைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

மீசை துடிக்கவில்லை.

"மயிலாங்க?" என்றாள் மெதுவாக.

"பின்ன, காக்காவா? கழுத்தைப் பாரு, நீலமும் பச்சையுமா எப்படி மினுக்குது. அரை மணி நேரமா அசையாம ஒக்காந்திருக்கு."

மாறன் மதிலைப் பார்த்துவிட்டு, "ஐயா, அது..." என்று இழுத்தான். சந்திரம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் குனிந்து ஜாக்கியைத் துடைக்க ஆரம்பித்தான்.

கண்ணாயிரத்தின் கை பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு வருஷத்துல என் சக்கரத்துல ஒரு கோழிக்குஞ்சுகூட மாட்டினதில்லை சந்திரா. நாளைக்கு வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணை ஏத்திக்கிட்டு..."

அவள் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டாள். கண்ணாயிரத்தின் காதில் விழும்படியே பேசினாள்.

"மாப்பிள்ளை, நாங்க வாடகைக் கார்ல வர்றோம். நந்தினியையும் அதுலயே கூட்டிக்கிறோம். எங்க வண்டிகிட்ட மயில் வந்து ஒக்காந்திருக்கு. மாமா துரத்த மாட்டேங்குறாரு. நானும் வேணாம்னுட்டேன்."

போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னாள்:

"திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாங்க. எனக்குக் கொஞ்ச நாளா மங்கலா தெரியுது."

கண்ணாயிரம் அவளையே பார்த்தார். மீசையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

"போறதுதான் போறோம். எனக்கும் பார்த்துட்டு வந்துடலாமா?"

"பார்த்துடலாம்" என்றாள். பிறகு மாறனிடம், "டயரை மாட்டிட்டே போப்பா, சத்தம் வராம. பேரப்புள்ளையை ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வர்றப்ப இவருதான் ஓட்டப்போறாரு" என்றாள்.

கண்ணாயிரம் சுவரைத் தொட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார். அவர் தலை மறைந்ததும் சந்திரம்மாள் மதிலருகே போய், காலையில் காற்றாடப் போட்டிருந்த மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவையை எடுத்து மடித்தாள்.