காளைக்காரரின் பிடிவாதம்

"முடியாதும்மா."

காளைக்காரர் கேட்டைத் திறக்கவே இல்லை. பால்காரம்மா தன் பசுவைக் காளையோடு சேர்க்கக் கொண்டுவந்திருந்தாள். அவள் பிடித்திருந்த பசு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. சாயங்காலம் ஆனா பருவம் போயிடும். சுத்துவட்டாரத்துல நாட்டுக் காளைன்னா உங்களுது ஒண்ணுதான்."

"தெரியும்."

"வீட்டுக்காரர் நாலு மணிக்கு சினை ஊசி டாக்டரை வரச் சொல்லிட்டார். அவர்கிட்ட இருக்கறது சீமை மாட்டு ஊசிதான். நாட்டுக் கன்னுதான் வேணும்னு நான் ஒத்தைக்கால்ல நிக்கறேன்."

"கொஞ்சம் பொறு."

"பொறுத்தா?"

அவர் தெருமுனையைப் பார்த்தார். மனுஷர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்!

அவளும் நகரவில்லை. மூன்றரைக்கு ஒரு லாரி வந்து நின்றது. காளைக்காரர் தொழுவத்திலிருந்து தன் காளையை அவிழ்த்து வந்தார்.

அவள் லாரிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"வித்துட்டீங்களா? என் பசுவுக்குத் தராம, அடிமாட்டுக்கா அனுப்பறீங்க? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"தள்ளி நில்லும்மா."

லாரியின் பின்கதவு இறங்கியது. உள்ளேயிருந்து முன்பின் பார்த்திராத ஒரு நாட்டுக் காளை திமிலை ஆட்டியபடி இறங்கி வந்தது.

"உன் பசுவுக்கு மாப்பிள்ளை வந்தாச்சு" என்றார் காளைக்காரர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ உங்க காளை?"

"இந்தப் பசுவை நீ கன்னுக்குட்டியா வாங்கிட்டு வந்தியே, அதுக்கு அப்பனே என் காளைதான். இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற நாட்டுப் பசு பன்னிரண்டும் இதோட மகளுங்க. அப்பனையே சேர்த்தா கன்னு நோஞ்சானாத்தான் பொறக்கும். இந்த இனமே கொஞ்ச நாள்ல அத்துப்போகும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே?"

"வேற காளை கிடைக்குமான்னு எனக்கே தெரியல. சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் அன்னிக்கே ஊசிக்குப் போயிருப்பீங்க. நேத்துதான் ஒருத்தர் காளையை மாத்திக்கச் சம்மதிச்சார்."

திட்டிய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"உங்க காளையை எப்போ திருப்பி அனுப்புவாங்க?"

காளைக்காரர் லாரியில் ஏறிய தன் காளையின் நெற்றியைத் தடவினார்.

"அனுப்ப வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். திரும்பி வந்தா, மறுபடி அனுப்ப எனக்கு மனசு வராதும்மா."