விடுபட்ட பெயர்

பெரியப்பா போனை எடுக்கவில்லை என்று மச்சினி நான்காவது முறையாக வந்து சொன்னாள்.

மணி பத்தே கால். பத்துக்கே ஆரம்பித்திருக்க வேண்டிய கூட்டம். நூற்றிருபது நாற்காலியில் தொண்ணூறு நிறைந்துவிட்டது.

மேடைத் துணியில் ‘சொன்னால் நம்புவோம்’ என்று பெரிய எழுத்து. அதன் கீழே சிறியதாக, ‘பாலியல் வன்முறைத் தடுப்புக் கூட்டம் - இளைஞர் குழு’.

குழு என்றால் ஏழு பேர். யாருக்கும் வயது இருபதைத் தாண்டவில்லை. கூட்டத்தை நடத்துவது என் மனைவியின் தங்கை. சிறு பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்னால் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாக வீடு வீடாகப் போய்ப் பேசி, இத்தனை பேரைக் கூட்டியிருக்கிறாள்.

அழைப்பிதழுக்கு அவள் எழுதித் தந்த தாளில் முதல் பெயர் பெரியப்பாவுடையது. ‘தலைமை’ என்று போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். அவள் அப்பாவின் அண்ணன். இந்தத் தெருவில் எந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை.

அச்சாகி வந்த முந்நூறு அழைப்பிதழிலும் அந்தப் பெயர் இல்லை.

தட்டச்சு செய்தவன் நான். மெய்ப்புப் பார்த்தவனும் நான். அச்சகத்தில் எனக்குச் சம்பளமே விடுபட்டதைப் பிடிப்பதற்குத்தான்.

“துணைக்கால் போனாலே கண்டுபிடிப்பீங்களே மாமா, முழு ஆளையே எப்படி விட்டீங்க?” என்று மச்சினி சிரித்தாள்.

பெரியப்பா போன் செய்த பிறகு சிரிக்கவில்லை. “நான் உயிரோடதானம்மா இருக்கேன்? இல்ல, படத்துக்கு மாலை போட்டுட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனவளை உட்காரச் சொல்லவில்லை.

மறுபடி அச்சடிக்கலாமா என்றாள். மெஷின் பழுது என்றேன்.

என்மேல் யாருக்கும் கோபம் இல்லை. மனைவியைப் பறிகொடுத்துப் பத்து மாதம் ஆனவன்மேல் யார் கோபப்படுவார்கள்? “பாவம், அவர் மனசு இங்கயா இருக்கு” என்று என் காதுபடவே சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

“இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாமா மாமா?”

நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். கோபத்தை விட்டு அவர் வந்து நின்றாரென்றால், மைக்கை முதலில் அவர் கையில்தான் கொடுப்பார்கள். பிறகு அவர்தான் பேசுவார்.

“ஆரம்பிச்சுடு” என்றேன்.

“தலைமை?”

“நீயே இரு.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேடையேறினாள். முதல் வாக்கியத்தில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. மூன்றாவதில் பின்வரிசைப் பேச்சு அடங்கியது.

யாரோ வாசல் கதவைச் சாத்தினார்கள்.

மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்குப் பதினோரு வயதில் நடந்தது. யார் என்றும் சொன்னாள். தங்கைக்குத் தெரியக் கூடாது என்று கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த ஆளுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லியே எனக்கு மூன்று வருடம் போனது. அவள் போன அன்று, அவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன்.

என்னால் எடுக்க முடிந்தது அழைப்பிதழில் அந்த ஒரு வரியைத்தான்.

மேடையில் மச்சினி பேசிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, என் மாமியார், நாற்காலி வரிசையை விட்டு எழுந்து சுவரோரமாக நான் நின்ற இடத்துக்கு வந்தார். அவரை நினைத்துத்தான் எனக்குச் சங்கடம். கணவரின் அண்ணனுக்கு மருமகன் செய்த அவமரியாதை பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவன் வரலைல்ல, மாப்பிள்ள?”

எனக்கு முதலில் யாரென்று புரியவில்லை. முப்பது வருடமாக அத்தைக்கு அவர் ‘பெரியவர்’. அவர் வந்தால் எழுந்து நிற்பார். பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை.

“வரல, அத்தை.”

அப்படியென்றால் என் மனைவி சொன்னது என்னிடம் மட்டும் இல்லை.

கைதட்டல் எழுந்தது. அத்தையும் தட்டினார். அது அடங்கும் வரை பொறுத்து, என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்:

“சின்னவ கல்யாணப் பத்திரிகையிலயும் விட்டுடுங்க.”