மேசைக்கு அடியில்

சுபாஷினிக்கு வினோத்தின் வீடியோ கால் வந்ததுமே பிரான்சிஸ் கையிலிருந்த வடையோடு கேன்டீன் மேசைக்கு அடியில் போய்விட்டான். யாரும் சொல்லவில்லை, பழகிப்போயிருந்தது. அவள் போனைச் சுற்றிக் காட்டினாள்.

"எல்லாம் பொண்ணுங்கதான், பாத்துக்கோ."

வினோத் போனை வைத்ததும், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மும்தாஜ் குனிந்து பார்த்தாள். "என்னண்ணா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"இவ ஆளு கூப்பிட்டா நான் கீழ இருக்கணும்மா. ஆம்பளைங்க பக்கத்துல இருந்தா அவனுக்கு ஆகாது."

"இருந்தா என்ன பண்ணுவாரு?"

பிரான்சிஸ் சுபாஷினியின் மணிக்கட்டைப் பார்த்தான். அவள் சட்டைக் கையை இழுத்து அங்கே கன்றிப்போயிருந்த நீலத்தை மூடினாள். 'பாசம் ஜாஸ்தி' என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தவள், ஆறடி ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு வடை தின்பதைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

மறுபடியும் போன் அடித்தது. அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான்.

"மேல வாடா."

"வேணாம் சுபா. சாயங்காலம் நீதான் வாங்கிக் கட்டிக்குவே."

"வாடான்னா!"

நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலையில் ஒட்டடையோடு அவன் வந்து உட்கார்ந்த பிறகே போனை எடுத்தாள்.

"யாருடி அவன்?"

"பிரான்சிஸ். இத்தனை நாளும் இங்கதான் இருந்தான். நீ சாயங்காலம் வராதே வினோத். நான் இவங்களோட பஸ்ல போய்க்கிறேன்."