மழித்த முகம்

நாலு மாதத் தாடி இல்லாமல் கிருஷ்ணராஜ் பெல்மதுளைக் கடைசல் பட்டறைக்கு வந்து நின்றதும், முதலாளி நுஹ்மானுக்குத் தலைகால் புரியவில்லை.

“இப்பத்தான் என்ட சொல்லக் கேட்டிருக்கிறாய்! சவர பிரஷ்ஷுக்குக் கைப்பிடி கடையிறவன் தாடியோட நின்டா, வெளிநாட்டுக்காரன் ஓடர் தருவானா? வா, வீடியோ எடுப்போம்.”

கிருஷ்ணராஜ் மெஷினைப் போட்டான். சுழன்ற தேயிலை மரக் கட்டையில் உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது. மெழுகு பூசித் துணியால் தேய்த்தான். கைப்பிடி பளபளத்தது.

“அதைக் கன்னத்தோட வச்சு, ஃபோனைப் பார்த்துச் சிரி.”

சிரித்தான்.

“இன்னும் நல்லாச் சிரி, கிருஷ்ணா!”

இன்னும் சிரித்தான்.

நுஹ்மான் வீடியோவைப் போட்டுப் பார்த்தபடியே கேட்டார். “எத்தனை தரம் சொன்னேன். இவ்வளவு நாளும் ஏன் மழிக்கல்ல?”

“எம் பொஞ்சாதி முழுகாம இருந்திச்சுங்க, முதலாளி. புள்ள பொறக்குற வரைக்கும் புருஷன் சவரம் பண்ணக்கூடாது. எங்க தோட்டத்து லயத்துல அப்படித்தாங்க.”

நுஹ்மான் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “சொல்லவே இல்லியே! என்ன புள்ள?”

“பொம்பளப் புள்ளைங்க.”

“மாஷா அல்லாஹ்! இன்டைக்கு லீவு. போ, போய்ப் புள்ளையத் தூக்கிக் கொஞ்சு.”

கிருஷ்ணராஜ் போகவில்லை. அடுத்த கட்டையை எடுத்து மெஷினில் பூட்டினான்.

“ஏழாம் மாசமே பொறந்துருச்சுங்க. நேத்து பொதச்சிட்டு வந்துதான் சவரம் பண்ணுனேன்.”

நுஹ்மானின் கையிலிருந்த ஃபோனில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.