அண்ணி சுற்றாத மலை

பெற்ற தாய் படுத்த படுக்கையாகி மூன்று வருஷம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய மகள் எழிலரசி, கட்டில் ஓரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அப்புறம் நேராகச் சமையலறைக்கு வந்து அண்ணி அருணாதேவியைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி நல்லா தூங்கறீங்களா அண்ணி? முதுகு வலி எப்படி இருக்கு? கடைசியா எப்ப வெளிய போனீங்க?"

அருணாதேவிக்குச் சுருக்கென்றது. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, இங்கே வந்து இதென்ன விசாரணை?

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் சும்மா இருப்பாளா? அடி அண்ணாமலையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

"நிரந்தரமா தங்க பி.ஆர். வாங்கி அங்கயே செட்டில் ஆயிட்டா. நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு இப்ப யுனிவர்சிட்டியில சோஷியல் ஒர்க் படிக்கிறாளாம். ஊரான் வூட்டுக் கிழவிங்களுக்கு சேவை செய்ய ஒரு படிப்பு. பெத்தவளுக்கு இன்னா செஞ்சா? பாத்துக்கினே இரு அருணா, உன் மாமியாரை ஏதாவது ஹோம்ல தள்ளிட்டுத்தான் பிளைட் ஏறுவா."

மாமியாரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவள் அருணாதேவி. அவள் ஊட்டினால்தான் அத்தை வாயையே திறப்பாள். அந்த அத்தையை எங்கேயோ முன்பின் தெரியாதவர்கள் கையில் விடுவதா?

பௌர்ணமி வந்தது. வீடு இருப்பதே கிரிவலப் பாதையில்தான். கணவன் சகாதேவன் காலையிலேயே இளநீர்க் கடை போடப் போய்விட்டான். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த சனம் வாசலைத் தாண்டி நடந்தது. தாகம் என்று நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் அருணாதேவி. அத்தை விழுந்த நாளிலிருந்து அவள் மட்டும் மலை சுற்றவில்லை.

எழிலரசி வந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். "நீங்க போய்ட்டு வாங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

வேண்டாம், முடியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள் அருணாதேவி. கேட்காமல் பாதைவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டாள் எழிலரசி.

பாதையில் அடுத்து வரும் வாயு லிங்கம்வரை கால் நடந்தது, மனசு வீட்டிலேயே இருந்தது. என்னை எதற்கு அனுப்பினாள்? ஹோமிலிருந்து வண்டி வரச் சொல்லியிருப்பாளோ? பௌர்ணமியன்று இந்தப் பாதையில் எந்த வண்டியையும் விடமாட்டார்கள் என்பதுகூட அந்தப் பயத்தில் தோன்றவில்லை. கிரிவலத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக் கூடாது என்பார்கள். அண்ணாமலையாரிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி ஓடினாள்.

அத்தை கட்டிலில்தான் இருந்தாள். மாற்றிய துணிகள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. எழிலரசியின் சுடிதார் முழுக்கக் கஞ்சி. இறுக மூடிய வாயைத் திறக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அருணாதேவிக்கு மூச்சு வாங்கியது. மனசில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டாள்.

"உண்மையைச் சொல்லு எழிலு. அத்தையை ஹோம்ல விடத்தானே வந்திருக்க?"

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"படிப்பை ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டு வந்திருக்கேன் அண்ணி. பி.ஆர். இருக்கறதால விசாத் தொல்லை இல்ல. அதுக்குள்ள நான் ஊட்டினாலும் அம்மா சாப்பிடப் பழகணும். அப்புறம் அண்ணன் ஊட்டினாலும் சாப்பிடணும். அவருக்கும் எல்லாத்தையும் கத்துக்கொடுத்துட்டுத்தான் போவேன்."

அருணாதேவி உடைந்துபோனாள். கன்னியம்மாள் பேச்சைக் கேட்டு எப்படியெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"அம்மாவுக்காக இவ்ளோ தூரம் படிப்பை விட்டுட்டு வந்திருக்க. உன்னைப் போய் நான்..."

"அம்மாவுக்காக இல்ல அண்ணி. அவங்களுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

எழிலரசி கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"போன்ல உங்க குரல் வரவர கம்மியாயிட்டே வந்துச்சு. அதைக் கேட்டுத்தான் அந்தப் படிப்புலயே சேந்தேன். நான் வந்தது உங்களைப் பாத்துக்க. போங்க, விட்ட இடத்துலருந்து மலையைச் சுத்திட்டு வாங்க."